கேள்விக்கு அஞ்சும் விசுவாசமா?

சென்ற தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் திருப்பலிக்குரிய வாசகர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திருவரங்கத்திலிருந்து எங்கள் பங்குக் கோவிலுக்கு வரும் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உள்ளே வந்தார். பொறியியல் படிப்பவர், நான்கு ஆண்டுகளாக இரண்டாம் வாசகம் வாசிப்பவர். தெளிந்த குரல், பிழையற்ற உச்சரிப்பு. உட்காரச் சொன்னேன், அவர் அமரவில்லை. தம் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.

காரணம் கேட்டேன்.

“வாசகம் முடிந்ததும் ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, ஃபாதர். அது உண்மைதானா என்று எனக்கே உறுதியில்லை. உறுதியில்லாததை அத்தனை பேர் முன்னிலையில் எப்படிச் சொல்வது?”

பின்னர்த் தம் கைப்பேசியில் சில காணொளிகளைக் காட்டினார். தமிழர் ஒருவர் அடித்துப் பேசும் குரலில் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார். ஒன்று: நற்செய்தி நூல்கள் இயேசு இறந்து நெடுங்காலத்திற்குப் பின், அவரை அறியாதவர்களால் எழுதப்பட்ட கதைகள். இரண்டு: படியெடுத்தவர்கள் அவற்றை மனம்போனபடி மாற்றிவிட்டார்கள், இன்று நம் கையிலிருப்பது மூலமன்று. மூன்று: நாசரேத்தூர்ப் போதகர் ஒருவரைக் கி.பி. 325இல் கான்ஸ்டன்டைன் என்னும் உரோமைப் பேரரசன் ஆயர்களைக் கூட்டி வாக்கெடுத்துக் கடவுளாக்கினான்.

நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். “இதையெல்லாம் பார்க்காதே தம்பி. விசுவசித்துச் செபம் செய், எல்லாம் சரியாகிவிடும்” என்றேன். அவர் தலைவணங்கிப் போய்விட்டார். மறுவாரம் பங்குப் பெரியவர் ஒருவர், “கேள்வி கேட்கிற பிள்ளையை மேடை ஏற்றாததே நல்லது, சாமி” என்றார். அச்சொல்லைக் கேட்ட பிறகே என் பிழை எனக்கு உறைத்தது. அந்த இளைஞர் செய்தது என்ன? தாம் உறுதியாக அறியாததைச் சொல்ல மறுத்தார். நேர்மையுள்ள ஒருவரை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் கோவிலைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

அன்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். குற்றம் சாட்டுவோர்க்கு மறுப்பாக மட்டுமன்று. கேள்வியைக் கண்டதும் கதவைச் சாத்தும் நம்மவர்க்கும் மறுப்பாகவே எழுதுகிறேன்.

தடை விடையாகுமா?

இக்குற்றச்சாட்டுகள் புதியவை அல்ல. 1880களிலேயே சென்னை இலௌகிக சங்கத்தார் தம் ‘தத்துவவிவேசினி’ இதழில் சமயங்கள் அனைத்தையும் கேள்விக்குள்ளாக்கினர். 1927இல் இலண்டனில் பெர்ட்ரண்ட் ரசல் ஆற்றிய ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல’ என்னும் சொற்பொழிவைச் சுயமரியாதை இயக்கத்தின் குத்தூசி குருசாமி தமிழாக்கினார். கிறிஸ்து என்றொருவர் வாழ்ந்தாரா என்பதே வரலாற்று நோக்கில் ஐயத்திற்குரியது என்று அவ்வுரையில் ரசல் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறார். அதற்கு ஆதாரம் எதுவும் காட்டவில்லை.

அவர் காட்டாவிட்டாலும் நாம் பார்க்கலாம். ஏறத்தாழ 116ஆம் ஆண்டில் எழுதிய உரோமை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கிறிஸ்தவர்களை வெறுத்தவர். திபேரியு ஆட்சியில் போந்தியு பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்று அவரே பதிவு செய்கிறார். முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய யூத வரலாற்றாசிரியர் ஜோசப்பஸ், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு கொல்லப்பட்டதைக் குறிப்பிடுகிறார். இயேசுவைப் பற்றி அவர் எழுதிய வேறொரு பகுதியில் கிறிஸ்தவக் கைகள் பின்னர்ச் சில சொற்களைச் சேர்த்துள்ளன என்பது உண்மை. அதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. யாக்கோபு பற்றிய குறிப்பை அது பாதிப்பதில்லை. இன்று நம் மறைக்கு எதிராக அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவர் அமெரிக்க அறிஞர் பார்ட் எர்மன். கடவுள் நம்பிக்கையைக் கைவிட்ட அவரே 2012இல் தனியொரு நூல் எழுதி, இயேசு வாழ்ந்தார் என்பதில் ஐயமில்லை என்று நிறுவினார்.

இவ்வளவு விடைகள் இருக்க, நாம் என்ன செய்தோம்? ‘டா வின்சி கோட்’ புதினம் 2003இல் வெளிவந்தது. கான்ஸ்டன்டைன் வாக்கெடுத்த கதையை உலகெங்கும் பரப்பியது அதுவே. 2006இல் அது திரைப்படமாக வந்தபோது தமிழக அரசு அதைத் தடை செய்தது. அப்போது இளங்குருவாக இருந்த நானும் மகிழ்ந்தேன். வெற்றி என்றே எண்ணினேன். ஆனால் நீசேயாவில் உண்மையில் நடந்தது என்ன என்று அந்த ஆண்டில் எத்தனை மறையுரைகளில் விளக்கினோம்? நான் ஒன்றில்கூட விளக்கவில்லை. தடை செய்யப்பட்ட கதை இருபது ஆண்டுகளில் காணொளியாகி, என் பங்கு மாணவரின் சட்டைப் பைக்கே வந்துவிட்டது.

திருவரங்கத்து இராஜகோபுரத்துக்கு எதிரே 2006 டிசம்பரில் பெரியார் சிலை நிறுவப்பட்டது. கடவுள் உண்டென்னும் கோபுரத்துக்கும் இல்லையென்னும் சிலைக்கும் நடுவே நாள்தோறும் நடந்து போகிற பிள்ளையிடம், “கேள்வி கேட்காதே” என்று சொல்வது எவ்வகை மேய்ப்புப்பணி?

கண்டவர்கள் உயிரோடிருந்த காலம்

முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். நற்செய்தி நூல்கள் நாட்குறிப்புகள் அல்ல. நிகழ்ச்சி நடந்த அன்றே எழுதப்பட்டவையும் அல்ல. இதைச் சொல்வதற்குத் திருச்சபை கூசியதில்லை. இயேசுவின் சொல்லும் செயலும், திருத்தூதரின் போதனை, நற்செய்தியாளரின் எழுத்து என்னும் மூன்று படிகளில் அவை உருவாயின என்று திருத்தந்தையின் விவிலிய ஆணையம் 1964இல் விளக்கியது. அவற்றின் வரலாற்றுத் தன்மையை ஐயமின்றி வலியுறுத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தில் அம்மூன்று படிகளையும் ஏற்றது. இயேசு சிலுவையில் அறையப்பட்டது 30ஆம் ஆண்டை ஒட்டி; மாற்கு எழுதியது 70ஆம் ஆண்டை ஒட்டி; மத்தேயுவும் லூக்காவும் அதன்பின் பத்து இருபது ஆண்டுகளில்; யோவான் நூற்றாண்டின் இறுதியில். பெரும்பாலான அறிஞர் கொள்ளும் கணிப்பு இது.

நாற்பது ஆண்டு இடைவெளி உண்மையை விழுங்கிவிடுமா? 1977 நவம்பரில் திருச்சிராப்பள்ளியை வெள்ளம் சூழ்ந்தபோது நான் சிறுவன். ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் எங்கள் பங்கின் முதியோர் நால்வரை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். தண்ணீர் நள்ளிரவில் வந்தது என்பார் ஒருவர். விடியுமுன் வந்தது என்பார் மற்றொருவர். ஒருவர் மாடு போனதைச் சொல்வார். மற்றவர் பிள்ளையைத் தோளில் தூக்கி நின்றதைச் சொல்வார். இந்த வேறுபாடுகளைக் காட்டி, வெள்ளமே வரவில்லை என்று எவரேனும் வாதிட்டால் அவரை என்னென்பது? வராத வெள்ளத்தை வந்ததாக எவரேனும் எழுதினால், இந்த முதியோர் சும்மா இருப்பார்களா?

முதல் திருச்சபையின் நிலை இதுவே. பவுலடியார் கொரிந்தியருக்கு முதல் மடலை எழுதியது 55ஆம் ஆண்டை ஒட்டி. கிறிஸ்து இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, உயிர்த்தெழுந்து, கேபாவுக்கும் பன்னிருவர்க்கும் தோன்றினார் என்னும் செய்தியைத் தாம் பெற்றுக்கொண்டபடியே ஒப்படைத்ததாக 15ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அவரைக் கண்டனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கின்றனர் என்றும் சேர்க்கிறார். போய்க் கேட்டுப் பாருங்கள் என்பதே அதன் பொருள். கலாத்தியர் மடலில், தாம் மனம் மாறி மூன்று ஆண்டுகளுக்குப் பின் எருசலேம் சென்று கேபாவோடு பதினைந்து நாள்கள் தங்கியதையும், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைக் கண்டதையும் சொல்கிறார். இயேசுவோடு உண்டு உறங்கியவரும் அவர் வீட்டில் வளர்ந்தவரும் அப்போது இருந்தார்கள். அவர்களிடம் நேரில் போய்த் தங்கியவர் பவுல்.

சாட்சிகள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. இங்கே திருவரங்கத்தார் நன்கறிந்த மரபு ஒன்று துணை செய்யும். 1323ஆம் ஆண்டளவில் படையெடுப்பின்போது அரங்கனின் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு அடியார்கள் ஊர் ஊராக அலைந்தனர். 1371இல் கோபணன் அதை மீண்டும் கொண்டுவந்து எழுந்தருளச் செய்தான். கோவில் கல்வெட்டே இதற்குச் சான்று. இடையில் வேறொரு திருமேனி வழிபாட்டில் இருந்ததால், எது பழையது என்னும் வழக்கு எழுந்தது. பழையதைக் கண்டவர் எவருமில்லை. பார்வையிழந்த முதிய வண்ணார் ஒருவரே எஞ்சியிருந்தார். ஆடை நனைத்த ஈரவாடைத் தீர்த்தத்தைச் சுவைத்து, இவரே நம்பெருமாள் என்று அவர் அடையாளம் காட்டினார் என்று கோயிலொழுகு சொல்கிறது. அம்மரபின் சமயப் பொருளை ஆராய்வது என் வேலையன்று. அடுத்த வீட்டாரின் பத்திக்குரியதை மரியாதையோடு நோக்குகிறேன். நான் சுட்ட விரும்புவது ஒன்றே: பெருமை தேடிப் புனைகிறவன் தன் முதன்மைச் சாட்சியாகப் பார்வையிழந்த வண்ணாரைத் தேர்ந்தெடுக்க மாட்டான். பண்டிதரையோ அரசனையோ நிறுத்துவான்.

இதே அளவுகோலை உயிர்ப்பு ஞாயிறுக்கு வைத்துப் பாருங்கள். அன்றைய யூத வழக்கில் பெண்களின் சாட்சியம் நீதிமன்றத்தில் மதிக்கப்படவில்லை என்று ஜோசப்பஸ் எழுதுகிறார். ஆயினும் நான்கு நற்செய்தியாளரும் வெறுங்கல்லறையின் முதல் சாட்சிகளாகப் பெண்களையே நிறுத்துகின்றனர். நால்வரும் பெயர் சொல்வது மகதலா மரியாவை. திருச்சபையின் தலைவராக மதிக்கப்பட்ட பேதுரு வேலைக்காரப் பெண் ஒருத்தியின் முன் ஆண்டவரை மறுதலித்ததையும், சீடர்கள் ஓடிப்போனதையும், இயேசுவின் உறவினரே அவர் மதிமயங்கிவிட்டார் என்று எண்ணியதையும், அந்த நாளையும் வேளையையும் மகனும் அறியார் என்று அவர் சொன்னதையும் அவர்கள் மறைக்கவில்லை. கட்சி வளர்ப்பதற்காகக் கதை கட்டுபவர்கள் இவற்றை எழுதியிருப்பார்களா?

நான்கு நூல்களுக்குள் வேறுபாடுகள் உண்டு. கல்லறையில் ஒரு வானதூதரா, இருவரா? இயேசு எருசலேம் கோவிலைத் தூய்மையாக்கியது பணியின் தொடக்கத்திலா, முடிவிலா? இவ்வேறுபாடுகளை முதலில் கண்டவர் இன்றைய நாத்திகர் அல்லர். இரண்டாம் நூற்றாண்டிலேயே தாசியான் என்பவர் நான்கையும் பின்னி ஒரே நூலாக்கினார். சிரிய நாட்டுத் திருச்சபையில் அது சில தலைமுறைகள் வழங்கியது. பின்னர் அங்கும் அது கைவிடப்பட்டு, நான்கும் தனித்தனியே நிலைத்தன. வேறுபாடுகளை மறைப்பதே திருச்சபையின் நோக்கமாக இருந்திருந்தால், கையில் கிடைத்த அந்த எளிய வழியை ஏன் தள்ளியது?

ஏடும் பாடபேதமும்

இரண்டாம் குற்றச்சாட்டு: ஏடுகள் சிதைந்துவிட்டன. கையெழுத்துப் படிகளுக்கிடையே இலட்சக்கணக்கான வேறுபாடுகள் இருப்பதாகக் காணொளியில் முழங்குகிறார்கள். எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. அதன் பொருளைத்தான் அவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள்.

தமிழ் படித்தவர்க்கு இது புரியாத செய்தியன்று. திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்து தமிழ் கற்பித்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே. சாமிநாத ஐயர். சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் அவர் பதிப்பித்தார். ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார். ஓர் ஏடு மட்டும் கிடைத்திருந்தால் அவருக்குப் பாடபேதம் என்னும் தொல்லையே இருந்திராது. ஆனால் அந்த ஏட்டில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கவும் வழி இருந்திராது. ஏடுகள் பெருகப் பெருகப் பாடபேதமும் பெருகும். மூலத்தை மீட்கும் வாய்ப்பும் பெருகும். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஐயர் தாமே எழுதி அந்த இடத்தை நிரப்பவில்லை. வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டார். அவருடைய நேர்மைக்கு அதுவே சான்று.

நமது வெப்பத்திலும் செல்லரிப்பிலும் ஓலைகள் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவதில்லை. சங்கப் பாடல்கள் எழுந்த காலத்துக்கும் இன்று கிடைக்கும் ஏடுகளுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. அதனால் புறநானூறு போலி என்று எந்தத் தமிழனும் சொல்வதில்லை. சொன்னால் நாம் பொறுப்பதுமில்லை. புதிய ஏற்பாட்டுக்கோ, முழுமையானவையும் துண்டுகளுமாக, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கிரேக்கக் கைப்பிரதிகள் உண்டு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் ஏடும் சீனாய் ஏடும் இன்றும் உள்ளன. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உள்ளங்கை அளவுள்ள பாப்பிரசுத் துண்டு ஒன்று காக்கப்படுகிறது. எகிப்தில் கிடைத்த அது 1935இல் பதிப்பிக்கப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டினது என்பது பெரும்பாலோர் கணிப்பு. அதில் இருப்பது யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரப் பகுதி: பிலாத்துவின் முன் இயேசு நின்று, தாம் உண்மைக்குச் சான்று பகர வந்ததைச் சொல்லும் இடம்.

அந்த இலட்சக்கணக்கான வேறுபாடுகளுள் பெரும்பாலானவை எழுத்துப் பிழை, சொல் முன்பின் மாறியது, ஒரு சொல் இருமுறை விழுந்தது போன்றவை. பொருளை மாற்றும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் பெரியவை இரண்டு: மாற்கு நற்செய்தியின் இறுதிப் பன்னிரண்டு வசனங்கள், யோவான் நற்செய்தியில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சி. மிகப் பழைய ஏடுகள் சிலவற்றில் இவை இல்லை. இதை யாரோ தோண்டியெடுத்து அம்பலப்படுத்தியதாக நினைக்க வேண்டா. நம் விவிலியப் பதிப்புகளே அடிக்குறிப்பில் இதைச் சொல்கின்றன. நாம் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை, குறை நம்முடையது. இவ்விரு பகுதிகளையும் ஒதுக்கிவைத்துப் படித்தாலும், இயேசு சிலுவையில் இறந்தார், உயிர்த்தெழுந்தார், ஆண்டவராக இருக்கிறார் என்னும் விசுவாசத்தில் எது குறைகிறது?

பேரரசன் உண்டாக்கிய கடவுளா?

மூன்றாம் குற்றச்சாட்டே மிகுதியாகப் பரவியது. மிக எளிதில் உடைவதும் அதுவே.

நீசேயா சங்கம் கூடியது 325ஆம் ஆண்டு. அதற்கு ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு முன் பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய மடலின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கடவுள் வடிவில் விளங்கியவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவேற்று, சிலுவைச் சாவு வரை கீழ்ப்படிந்தார். அவர் பெயருக்கு முழங்கால் யாவும் மண்டியிடும் என்கிறது அப்பகுதி. அது பவுலுக்கு முன்பே தொழுகையில் பாடப்பட்டது என்று அறிஞர் பலர் கருதுவர். முழங்கால் யாவும் மண்டியிடும் என்பது எசாயா 45ஆம் அதிகாரத்தில் ஆண்டவராகிய கடவுள் தமக்கு மட்டுமே உரியதெனச் சொன்னது. கடவுள் ஒருவரே என்று நாள்தோறும் இருமுறை அறிக்கையிட்ட யூதர்கள், அச்சொற்களைச் சிலுவையில் தொங்கிய ஒருவருக்குச் சூட்டினார்கள். அவர்களே இயேசுவை நோக்கி, ஆண்டவரே வாரும் என்னும் பொருளில் ‘மாரனாத்தா’ என்று தம் தாய்மொழியாகிய அரமேயத்தில் வேண்டினார்கள். கிரேக்கம் பேசும் கொரிந்தியர்க்கு எழுதும்போதும் பவுல் அச்சொல்லை அப்படியே வைக்கிறார். கான்ஸ்டன்டைன் பிறக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

112ஆம் ஆண்டை ஒட்டிப் பித்தினியா மாநில ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகக் கொண்டு பாடுகிறார்கள் என்று விசாரணையில் தெரிந்ததை அதில் அறிவிக்கிறார். எழுதியவர் கிறிஸ்தவர் அல்லர், அவர்களைத் தண்டித்தவர்.

கல்லும் பேசுகிறது. திருவரங்கக் கோவிலில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. விளக்குக்கும் அமுதுபடிக்கும் கொடை தந்தோரின் பெயர்கள் அவற்றில் வாழ்கின்றன. அதுபோன்ற கொடையெழுத்து ஒன்று 2005இல் இஸ்ரயேல் நாட்டு மெகிதோவில், சிறைச்சாலை வளாகத்தைத் தோண்டியபோது கிடைத்தது. வண்ணக்கல் பதித்த தொழுகைக்கூடத் தளம் அது. 230ஆம் ஆண்டை ஒட்டியது என்பது அகழ்ந்தோர் கணிப்பு. அக்கெப்தூசு என்னும் பெண் கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு நினைவாக மேசை ஒன்றைக் காணிக்கையாக்கினார் என்று அதில் பொறித்திருக்கிறது. பேரரசனின் ஆணைக்கு அவர் காத்திருக்கவில்லை.

அப்படியானால் நீசேயாவில் எதைப் பற்றி வழக்கு? மகன் படைப்புகளுக்கெல்லாம் முன் தந்தையால் உண்டாக்கப்பட்டவர் என்றார் ஆரியுஸ். மகன் உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர் என்று சங்கம் அறிக்கையிட்டது. இயேசு வெறும் மனிதர் என்று ஆரியுஸ்கூடச் சொல்லவில்லை. பின்னர் நடந்ததையும் பாருங்கள். நீசேயாவின் விசுவாசத்தைக் காத்து நின்ற அத்தனாசியாரை 335இல் நாடு கடத்தியவன் இதே கான்ஸ்டன்டைன். 337இல் மரணப் படுக்கையில் அவன் திருமுழுக்குப் பெற்றது, ஆரியுஸின் பக்கம் நின்ற ஆயரின் கையால். அவன் மகன் கான்ஸ்டன்டியுஸ் ஆரியுஸ் கொள்கையினரையே ஆதரித்தான். அத்தனாசியார் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அரசர்களின் விருப்பப்படி நம் விசுவாசம் அமைந்திருந்தால், இன்று நாம் ஞாயிறுதோறும் ஆரியுஸின் அறிக்கையைச் சொல்லிக்கொண்டிருப்போம். 2025இல் அச்சங்கத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவை உலகத் திருச்சபை கொண்டாடியது. விசுவாச அறிக்கையை அன்றும் ஒப்புவித்தோம். அதற்காக நாடு கடத்தப்பட்டவர்களை எத்தனை பேர் நினைத்தோம்?

வரலாறு நிற்கும் இடம்

திருவரங்கத்தில் எனக்கு நண்பரான வைணவப் பெரியவர் ஒருவர், “உங்கள் இயேசுவும் ஓர் அவதாரம்; எங்களுக்கு அதில் தடையில்லை” என்பார். அன்போடு சொல்லும் சொல். அன்போடே மறுக்க வேண்டியிருக்கிறது. விசுவாச அறிக்கையில் அன்னை மரியாவின் பெயருக்கு அடுத்து நாம் சொல்லும் மனிதப் பெயர், கொலைத் தீர்ப்பு எழுதிய உரோமை அதிகாரியின் பெயர். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. யுகந்தோறும் வந்து போகும் தோற்றங்களுள் ஒன்றை நாம் அறிக்கையிடவில்லை. ஓர் ஆளுநரின் ஆட்சிக்காலத்தில், ஓர் ஊரின் வாயிலுக்கு வெளியே, ஒரே முறை நிகழ்ந்ததை அறிக்கையிடுகிறோம். ஆகவேதான் வரலாற்று ஆராய்ச்சிக்கு அஞ்சி ஓடும் உரிமை நமக்கில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஏடுகள் பழையவை என்பதால் மட்டும் அவற்றில் எழுதியது உண்மையாகிவிடாது. இயேசுவைப் பற்றி முதல் சாட்சிகள் என்ன சொன்னார்கள் என்பதை வரலாறு நிறுவும். அவரைக் கடவுளாக ஏற்கும்படி எவரையும் அது கட்டாயப்படுத்தாது. மிகப் பழையதான மாற்கு நற்செய்தியிலேயே இயேசு பாவங்களை மன்னிக்கிறார். கடவுளையன்றி யார் மன்னிக்க முடியும் என்று மறைநூல் அறிஞர் குமுறுகிறார்கள். ஓய்வுநாளுக்கும் தாமே ஆண்டவர் என்கிறார். தலைமைக் குருவின் முன், தாம் வல்லவரின் வலப்புறம் அமர்ந்திருப்பதைக் காண்பீர்கள் என்கிறார். அவர் ஆடையைக் கிழித்துக்கொள்கிறார். நல்ல போதகர் என்று மட்டும் பாராட்டிவிட்டு நகர்வதற்கு இந்நூல்கள் இடம் தரவில்லை. சொன்னவர் ஒன்று இறைவனைப் பழித்தவர். அல்லது அவர் சொன்னது மெய். அங்கே வரலாறு நின்றுவிடுகிறது. ஒவ்வொருவரும் தாமே மறுமொழி சொல்ல வேண்டிய இடம் தொடங்குகிறது.

பட்டியலில் இருக்கும் பெயர்

நம் நாட்டுக்கு வந்து மயிலாப்பூரில் குருதி சிந்தியவர் என்று நம் மரபு போற்றும் தோமா யார்? கேள்வி கேட்டவர். காயத்தைத் தொட்டாலன்றி நம்ப மாட்டேன் என்றவர். யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் நாம் மேலோட்டமாகக் கடந்துபோகும் ஒரு செய்தி உண்டு. அவர் அப்படிச் சொன்ன எட்டு நாள்களுக்குப் பின்னும் சீடர்கள் அதே வீட்டில் கூடியிருந்தார்கள். தோமாவும் அவர்களோடு இருந்தார். நம்பாதவராகவே எட்டு நாள்கள் உடனிருந்தார். வெளியே போ என்று பேதுரு சொல்லவில்லை. உன்னால் எங்களுக்கு இழுக்கு என்று யோவான் முகம் திருப்பவில்லை. ஆண்டவரும் தோமாவின் வாயை அடைக்கவில்லை, காயத்தைக் காட்டினார். இயேசுவைத் தம் கடவுள் என்று நேருக்கு நேர் அறிக்கையிடும் சொல் அந்நூலில் வருவது அதன் பிறகே, கேள்வி கேட்ட அந்த வாயிலிருந்தே.

அந்த இளைஞரின் வீட்டுக்கு நானே போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவருடைய தாயார் காப்பி கொடுத்துவிட்டு, “இவனை எப்படியாவது பழையபடி ஆக்கிவிடுங்கள், சாமி” என்றார். பழையபடி ஆக்க வரவில்லை என்றேன். இப்போது மாதம் இருமுறை மாலையில் நாங்கள் உட்கார்ந்து மாற்கு நற்செய்தியை, அடிக்குறிப்புகளோடு, முதல் வரியிலிருந்து படித்துவருகிறோம். அவருடைய நண்பர்கள் இருவரும் வருகிறார்கள். ஒருவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். எட்டாம் அதிகாரத்துக்கு வந்திருக்கிறோம். தம்மை யார் என்று சொல்கிறீர்கள் என இயேசு சீடரைக் கேட்கும் இடம் அது. சென்ற முறை அதை வாசித்துவிட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

அவர் மீண்டும் மேடையேறி வாசிப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் பெயரை வாசகர் பட்டியலில் திரும்ப எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவருக்கும் அதைச் சொல்லிவிட்டேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். வாயை மூடு என்று சொல்லுமுன், பீடத்தில் பூமாலை சூட்டி வைத்திருக்கும் விவிலியத்தை எடுத்துப் பிரித்து, அவன் அருகில் உட்காருங்கள். மாற்கு நற்செய்தியில் பதினாறு அதிகாரங்கள் மட்டுமே. அடுத்த உயிர்ப்பு விழாவுக்குள் முடித்துவிடலாம்.